துருப்பிடித்த பத்மினி: முதலில் எதில் கை வைப்பது?

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் கலரைப் பற்றியது. அடுத்தது எஞ்சினைப் பற்றியது. "அடியில் படுத்துப் பார்த்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்" தான் பல வண்டிகளைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. கலருக்கும் எஞ்சினுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வண்டியின் அடியைத்தான்.

என் அனுபவம் பிரீமியர் பத்மினி காரில். நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டின் பின்புறம் முருங்கை மரத்தடியில் ஏழு வருடம் நின்ற வண்டி. வாங்கிய வேகத்தில் நேராகப் பெயின்ட் வேலைக்குக் கொடுத்தேன். வெள்ளை நிறத்தில் அவ்வளவு அழகாக வந்தது. ஒரே ஒரு ஐப்பசி மழைதான். கதவுகளின் அடி ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட் எழும்பியது. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, ஜாக்கி முனை தகரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. கையால் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பெயின்டுக்குச் செலவழித்த பணம் முழுவதும் போயிற்று, மறுபடி எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியிருந்தது. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

1964-இல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 'ஃபியட் 1100 டிலைட்' என்று தயாரிக்கத் தொடங்கிய கார்தான், 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆனது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கியர், பின்பக்கம் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). நம் ஊரில் பலருக்கு இன்றைக்கும் அது 'ஃபியட்'தான். பல பத்தாண்டுகள் பம்பாய் டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் அதன் உள்ளும் புறமும் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பத்மினிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. தகரத்தை மடித்து, பெட்டி பெட்டியாக வெல்டு வைத்து, அந்தப் பெட்டிகளே வண்டியின் பாரத்தைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். அம்பாசடரும் இப்படித்தான். நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு ரகம். அடியில் தனி சேஸி, அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. ஹெரால்டில் கதவுக்குக் கீழே தகரம் போயிருந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அங்கே சேஸியும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும்தான் முக்கியம். பத்மினியில் அதே இடத்தில் தகரம் போயிருந்தால் முதுகெலும்பு போயிற்று என்று பொருள். ஆகவே துரு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகம்

முதல் நாள் வேலை கையில் கிரீஸ் படாத வேலை. ஆர்.சி.யில் உள்ள சேஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பழைய ஃபியட்களில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். டீசல் எஞ்சின் ஏற்றியவர்களும் உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சொந்த உபயோகக் கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம், அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை முறை விட்டுப்போயிருக்கிறது, வேறு மாநில வண்டியானால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். ஆவணம் சரியாகாத வண்டியை எவ்வளவு அழகாக்கினாலும் ரோட்டில் எடுக்க முடியாது.

முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டியானால், 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்கீழ் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாமே தவிர, தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. எந்த வழியில் போகப் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். நவீன எஞ்சின் ஏற்றிவிட்டுப் பிறகு மனம் மாறினால் கஷ்டம்.

இன்னொன்று: சேஸி நம்பர் குத்தியிருக்கும் இடத்தைச் சாக்பீஸால் பெரிதாக வட்டம் போட்டு, தகர வேலை செய்யும் டிங்கரிடம் "இதைத் தேய்க்கவும் கூடாது, வெட்டவும் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். கிரைண்டர் ஓடும் வேகத்தில் அந்த எழுத்துகள் மறைந்துபோனால் திரும்ப வராது.

வண்டியைக் காயவிடுங்கள்

தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். தரையிலிருந்து எழும் ஈரம் தார்ப்பாய்க்குள் தங்கி, வெளியே நிற்பதைவிட வேகமாகத் துரு ஏறும். மேலே ஒரு கூரை, நான்கு பக்கமும் காற்றோட்டம், அடியில் சிமென்ட் தரை, இவ்வளவு போதும். உள்ளே இருக்கும் மேட், கார்பெட், சீட்டுக்கு அடியில் ஒட்டிய சணல் எல்லாவற்றையும் முதல் வாரமே பிடுங்கி எறியுங்கள். முன் கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் மழைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, வண்டியின் தரையான பிளாட்பாரத் தகட்டை அரிப்பது அந்தச் சணல்தான்.

பிறகு படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு பீடிங் (ஓரப் பட்டை), ஒவ்வொரு கிளிப். நூறு படம் எடுத்தால் போதாது, ஐந்நூறு எடுங்கள்.

திருப்புளியும் சுத்தியலும்

இனிதான் உண்மையான வேலை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். தேவையானவை: மழுங்கிய பழைய திருப்புளி, சின்னச் சுத்தியல், டார்ச், துணி சுற்றிய காந்தம், சாக்பீஸ், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கனமான ஸ்டாண்டு நான்கு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையும்.

துரு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் புரியும். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்த தண்ணீரில் இது பல மடங்கு வேகம். கடலோர ஊர் வண்டிகளின் கதி அதனால்தான் வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் அது பிறந்தால் மடிப்பையே பிளந்து வீங்க வைக்கும். அந்தக் காலத்தில் பெட்டிகளின் உட்புறம் சரியாகப் பெயின்ட் படவில்லை. ஆகவே துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு கையகலம் போயிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

தட்டிக் கேளுங்கள். நல்ல தகரம் 'டிங்' என்று பேசும். பட்டி போட்டு மூடிய இடம் 'டொக்' என்னும். துரு தின்ற இடம் 'தொப்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். பிடிப்பு விடும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பிறகு திருப்புளியை வைத்து நன்றாக அழுத்துங்கள். பயப்படாதீர்கள், நல்ல தகரத்துக்கு ஒன்றும் ஆகாது.

நான் மூன்று குறி போடுவேன். மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் ஒரு கோடு. குழி குழியாக அரித்திருந்தாலும் திருப்புளி உள்ளே போகவில்லை என்றால் வட்டம். உள்ளே போய்விட்டால் பெருக்கல் குறி. அன்று மாலை வண்டியைச் சுற்றிவந்தால் அதுவே உங்களுக்கான வரைபடம்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் பெட்டி. நான் பழகிய டிங்கர் கடைகளில் இதை ரன்னிங் போர்டு என்பார்கள். அடுத்தது பின் கமான் பட்டையின் இரண்டு முனைகளும் பாடியோடு சேரும் இடம். மூன்றாவது, முன் சஸ்பென்ஷனும் ஸ்டீரிங் பாக்ஸும் பிடித்திருக்கும் தகடுகள். நான்காவது கதவுக் கீல் உட்காரும் தூண்களின் அடிப்பகுதி. இந்த நான்கும் பாரம் தாங்குபவை. கால் வைக்கும் தகடு, சீட்டு போல்ட் இடங்கள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஆசிட் சிந்திய பேட்டரித் தட்டு ஆகியவை அடுத்த வரிசை. மட்கார்டின் பின் ஓரம், கதவின் அடி, கண்ணாடி ரப்பரைச் சுற்றிய இடம் எல்லாம் கண்ணுக்கு முதலில் படும். அவசரத்தில் அவை கடைசி. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள், அதற்குக் காசு செலவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. கதவுகளைச் சாத்தி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை, உறுதியான இடத்தில், மெதுவாக ஜாக்கியில் தூக்கிவிட்டு அதே கதவைத் திறந்து மூடுங்கள். உரசினாலோ பூட்டு சேரவில்லை என்றாலோ, பாடி நடுவில் தொய்கிறது.

இரண்டு வழி

இந்த வரைபடத்தைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்பது தானாகத் தெரியும்.

பாரம் தாங்கும் நான்கு இடங்களிலும் பெருக்கல் குறி இல்லையா? வண்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் நிற்க வைக்கவும் ஓட வைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், சில மாதம் ஓட்டுங்கள், பிறகு தகரத்துக்கு வாருங்கள். ஓடுகிற வண்டியை ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே எடுத்துப்போகலாம். ஓட்டும்போதுதான் அதன் குறைகளும் தெரியும். புதியவர்கள் பலர் ஆர்வத்தில் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து எந்த நட்டு எங்கே என்று தெரியாமல் எடைக்குப் போடுகிறார்கள். மனம் கனக்கும் காட்சி அது.

நான்கில் எங்காவது பெருக்கல் குறி இருக்கிறதா? அப்போது தகரம்தான் முதல். எஞ்சின் காத்திருக்கட்டும். இரண்டு பக்க ரன்னிங் போர்டும், பட்டை முனைகளும், முன் தகடுகளும் எல்லாமே போயிருந்தால், இது உங்கள் முதல் வண்டியாக இருக்க வேண்டாம் என்று மனம் திறந்து சொல்வேன். அதைப் பாகங்களுக்காக வைத்துக்கொண்டு, உறுதியான பாடியாக இன்னொன்று தேடுங்கள். எஞ்சின் ஜாம் ஆன, ஆனால் தகரம் நல்லதாக இருக்கும் வண்டி, ஓடுகிற ஓட்டை வண்டியைவிட எவ்வளவோ மேல்.

தகரம் முதல் என்றால்

வெட்டுவதற்கு முன் கட்டுங்கள். ரன்னிங் போர்டை வெட்டி எடுத்தால் பாடி கீழே மடங்கும். அந்த நிலையில் புதுத் தகடு வெல்டு வைத்தால் கதவு எந்தக் காலத்திலும் சேராது. ஆகவே கதவைக் கழற்றிய வாசலில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே சதுரக் குழாய்களைக் குறுக்காக வைத்து வெல்டு வையுங்கள். வெட்டுவதற்கு முன் வாசலின் மூலைக்கு மூலை அளவை எழுதிவையுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். என் வண்டியைச் செய்த பாய், அறுபது வயதுக்காரர், ஒவ்வொரு தகடு வைத்தபின்பும் கதவை மாட்டிப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுவார். "ஏன் பாய் இத்தனை தடவை?" என்றேன். "பெயின்ட் அடிச்சப்புறம் கதவு சேரலைன்னா யார் தம்பி பொறுப்பு?" என்றார்.

பிளாட்பாரத்துக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தகடு. வெளித் தகடுகளுக்கு 20 கேஜ். ஜி.ஐ. தகடு வேண்டாம், அதன் துத்தநாகப் புகை வெல்டு வைப்பவரின் உடம்புக்குக் கேடு. கேஸ் வெல்டிங்கோ மிக் வெல்டிங்கோ சரி. ஜன்னல் கம்பி வேலை செய்யும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகரத்தை ஓட்டை போட்டுவிடும். ஒரே இழுப்பில் வைக்காமல் அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் தகடு நெளியும். பழைய துருவின்மேல் புதுத் தகட்டை ஒட்டும் 'பேட்ச்' வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று மூன்றாவது மழையில் இரண்டும் போகும். பேட்டரி ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. காலி டேங்கில் ஆவி இருக்கும், நிறைந்த டேங்கைவிட அதுதான் ஆபத்து. அந்த டேங்கையே வெல்டு வைக்க யார் முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வட்டம் போட்ட இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, 'துரு மாற்றி' (ரஸ்ட் கன்வெர்ட்டர்) என்ற திரவத்தை அடிக்கலாம். அதில் பல வகைகளில் இருப்பது டானிக் அமிலம். துருவோடு சேர்ந்து கருப்புப் படலமாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே ரசாயனம்தான். தேய்த்த தகரத்தை அன்றே எபாக்சி பிரைமரால் மூடுங்கள். சாதாரணச் சாம்பல் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை அடித்துவிட்டு மழைக்காலம் முழுவதும் வெளியே நிறுத்தினால் அடியில் மறுபடி துரு கிளம்பும்.

ஓட வைப்பது முதல் என்றால்

உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கையால் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நகரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் கலந்து ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

சுழன்றால், ஆயிலை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் விட்டு, டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) அளந்து பாருங்கள். எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய டேங்க் பெட்ரோலைத் தொடாதீர்கள். ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோல் வைத்து எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் ஏ.சி. பம்ப்புக்குக் குழாய் கொடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாபிரத்தையும் அது அரித்துவிடும். எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். வண்டியைப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தவும் வேண்டாம், எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கின் உள்ளே துருவைக் கிளப்பும்.

ஆனால் எஞ்சின் ஓடும் முன்பே பிரேக் முடிந்திருக்க வேண்டும். நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்றும் புதிது. இரும்புக் குழாயில் துரு தெரிந்தால் அதுவும் புதிது. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இங்கே மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். டயரில் ரப்பர் தடிமனாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

சாமான் தேட, சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு மாடலுடையது வரும். பீடிங், கண்ணாடி ரப்பர், பம்பர், முன் கிரில் போன்றவைதான் கிடைக்க நாளாகும். தகர வேலை நடக்கும்போதே தேடத் தொடங்குங்கள். குரோம் வேலைக்குக் கொடுப்பதையும் அப்போதே கொடுத்துவிடலாம். அசல் வண்டி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்பினால் கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

ஒயரிங், அதன்பின் பெயின்ட், கடைசியாக சீட்டும் ரெக்ஸினும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பெயின்ட் முடிந்து காய்ந்த பின் ரன்னிங் போர்டு பெட்டிக்குள் மெழுகு கலந்த துருத் தடுப்பு ஆயிலை நீளக் குழாய் வழியாக அடித்து, ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு, கூட்டமில்லாத காலை நேரமாக, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றிவாருங்கள். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் கிட்டக் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகளின் நிறமும் இடமும் அடுத்த வேலை எது என்று சொல்லும்.